முதல் கட்டத்தில் இருந்த குரல்

என் மதினியின் குரலை அழித்தவள் நான்.

நோய்தான் அழித்தது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். நோய் அவளுடைய குரல்வளையை எடுத்துக்கொண்டது, உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே அந்தக் குரலை வெளியே எடுத்து என் மடிக்கணினியில் பத்திரப்படுத்தியிருந்தோம். அங்கிருந்து அதை இல்லாமலாக்கியவை என் விரல்கள். அதோடு நிற்கவில்லை... வேறொரு குரலைச் செய்து, இதுதான் உன்னுடையது என்று அவள் கையிலே கொடுத்தேன். அவள் இன்றுவரை அதில்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

ஏன் உங்களிடம் சொல்கிறேன்? உங்களுக்கு அவளைத் தெரியாது, என்னையும் தெரியாது, அதனால்தான். தெரிந்தவர்களிடம் சொல்லும் துணிவு எனக்கு வரவேயில்லை. கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகும்போதுகூட முழந்தாளிட்டு, கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன், பூசைக்கு வராமல் இருந்தேன் என்றெல்லாம் சொல்கிறேன். இதை மட்டும் சொல்லாமல் எழுந்து வந்துவிடுகிறேன். கடவுளிடமே மறைக்க முயல்கிற பேதைமையைப் பாருங்கள்!

என் பெயர் ஜான்சி. திண்டுக்கல்லில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஆட்டோக்களில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வரும் துணிக்கடை விளம்பரங்களும், திருவிழா அறிவிப்புகளும் எங்கள் கூடத்தில்தான் பதிவாகும். அது பிழைப்பு. எனக்கு உயிரானது வேறொன்று. கணினித் திரையில் சிறுசிறு பெட்டிகளை வரைந்து, பெட்டிக்குப் பெட்டி கோடிழுத்து இணைத்து இசை செய்யும் முறை ஒன்று இருக்கிறது. ஒரு பெட்டி ஒலியை உண்டாக்கும். அடுத்தது அதை உயர்த்தும், தாழ்த்தும். இன்னொன்று அதில் மூச்சைக் கலக்கும். இப்படிப் பின்னிய வலைக்கு பேட்ச் என்று பெயர். யாரும் சொல்லித் தரவில்லை; இணையத்தைப் பார்த்து நானே கற்றேன். அந்தக் கர்வம் எனக்கு நிறைய உண்டு. அந்தக் கர்வத்தையும் நீங்கள் இந்தக் குற்றத்தோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

ரெஜினா மதினி என் அண்ணனின் மனைவி. அண்ணனுக்கு வெங்காய மண்டியில் வேலை. மதினி சித்தையன்கோட்டையில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. தினமும் பேருந்தில் போய் வருவாள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியைக்குக் குரல்தானே எல்லாம்! அவள் குரல் கனமானதன்று, இனிமையென்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் இலேசாக ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கும். கண்டிக்கும்போதும் அது இருக்கும். பிள்ளைகள் அவளுக்குப் பயப்படாததற்கு அதுதான் காரணம்.

அந்தக் குரல் ஒரு கோடைக்காலத்தில் கரகரக்கத் தொடங்கியது. சுண்ணக்கட்டித் தூசி என்றாள். பனங்கற்கண்டு, மிளகுக் கஷாயம், தொண்டை மாத்திரை... எதற்கும் அடங்கவில்லை. மதுரைக்கு அழைத்துப் போனோம். பரிசோதனைகள் முடிந்து மருத்துவர் சொன்னார்: குரல்வளையை முழுவதுமாக எடுத்தால்தான் உயிர் பிழைக்கும்.

பேருந்தில் வீடு திரும்பினோம். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி என்னிடம்தான்.

"ஏ ஜான்சி, மினிக்குட்டிய நான் இனி எப்பிடிக் கூப்பிடுவேன்?"

மினி அவர்களுடைய மகள். அப்போது நான்கு வயதுகூட நிறையவில்லை.

அந்தக் கேள்விதான் என்னைத் தூண்டியது. தட்டச்சு செய்தால் தமிழில் படித்துக் காட்டும் செயலிகள் இருக்கின்றன அல்லவா? அந்தப் பொதுக்குரல் யாருக்கும் சொந்தமில்லாதது. அதை என் பேட்ச்சுக்குள் செலுத்தி, வளைத்து, மதினியின் குரலாக மாற்றிவிட முடியும் என்று எனக்குத் தோன்றியது. "முடியும் மதினி. செத்த நேரம் தெனமும் என்கூட ஒக்காருங்க, போதும்" என்றேன்.

அறுவைக்கு முந்தைய அந்த நாட்கள்! பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு என் அறையில் வந்து உட்காருவாள். திரை நிறைய ஸ்லைடர்கள். மேலும் கீழும் நகர்த்தும் சிறு பிடிகள். ஒன்று சுருதி, ஒன்று தொண்டையின் அகலம், ஒன்று மூச்சு, ஒன்று மூக்கொலி. அவளுடைய குரலை முன்பே பதிந்து வைத்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். கைப்பேசியில் இருந்தவை மூக்கடைத்தாற்போல் ஒலித்தன. கல்யாண வீடியோவில் மேளச்சத்தத்துக்கு நடுவே இரண்டு வார்த்தை. இப்போது பதியலாம் என்றால் தொண்டை ஏற்கெனவே கெட்டுவிட்டது. ஆகவே, நோய்க்கு முந்தைய தன் குரலை அவள்தான் நினைவிலிருந்து தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

பிடித்தாள்! கண்ணை மூடிக்கொண்டு அவளே பிடிகளை நகர்த்துவாள். "இம்புட்டு வேணாம்... கொஞ்சம் எறக்கு... இது எங்கக்கா கொரல் மாதிரி இருக்கு, நான் இல்ல" என்பாள். கரகரத்த தொண்டையால் ஒரு சொல்லைச் சொல்லி, அதன் அடியில் மிச்சமிருக்கும் தன்னை இயந்திரத்தோடு ஒப்பிடுவாள். சொல் முடிவில் வரும் அந்தச் சிரிப்புக்கு மட்டுமே பல நாட்கள் போயின.

ஒரு மத்தியானம் எல்லாப் பிடிகளும் ஓரிடத்தில் வந்து நின்றன. மதினி 'மினிக்குட்டி, இங்க வாடா' என்று தட்டச்சு செய்தாள். ஒலிபெருக்கி கூப்பிட்டது.

சமையலறையில் விளையாடிக்கொண்டிருந்த மினி ஓடிவந்தாள். நேராகத் தாயின் முகத்தைப் பார்த்து, "என்னம்மா?" என்றாள்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மதினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும்தான்!

இங்கே ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பெட்டிகளும் கோடுகளும் சேர்ந்த பேட்ச் வேறு. பிடிகள் அந்த நொடியில் எங்கெங்கே நிற்கின்றன என்பது வேறு. பேட்ச்சைச் சேமித்தால் பெட்டிகள்தான் மிஞ்சும். பிடிகள் நிற்கும் நிலையைத் தனியே சேமிக்க வேண்டும். அதற்குத் திரையின் ஓரத்தில் வரிசையாகச் சிறு கட்டங்கள் உண்டு. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஒரு கட்டத்தைத் தொட்டால் இப்போதைய நிலை அதில் பதியும். வெறுமனே தொட்டால் அதில் இருக்கும் நிலை திரும்பி வரும். பதிப்பதற்கும் மீட்பதற்கும் நடுவே ஒரே ஒரு விசை... ஏற்கெனவே நிறைந்திருக்கும் கட்டத்தில் பதித்தால், பழையது போயே போய்விடும். எச்சரிக்கைகூட வராது.

முதல் கட்டத்தில் மதினியின் குரலைப் பதித்தேன். நகல் ஒன்று எடுத்து வைத்தேனா? இல்லை. நாளைக்கு எடுக்கலாம் என்று இருந்தேன். மறுநாள் மருத்துவமனையில் சேரச் சொல்லி அழைப்பு வந்தது. அதன்பிறகு ஓட்டம்தான்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மதினி மதுரையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். அண்ணன் அங்கேயே தங்கிவிட்டான். நான் மினியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே போனேன் தெரியுமா? சிறுமலைக்கு! அங்கே ஒரு தோட்ட பங்களாவில், பெங்களூரிலிருந்து சிலர் வந்து கணினி இசைக் கூடுகை நடத்தினார்கள். என்னையும் வாசிக்க அழைத்திருந்தார்கள். முதல் அழைப்பு. மினியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் ஏறிப்போனேன். மதினி மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். எனக்குக் கைத்தட்டல் வேண்டியிருந்தது.

வாசிப்பதற்கு என்னிடம் வேறு பேட்ச்கள் இல்லாமலில்லை. ஆனால் மதினியின் குரலில் இருந்த உயிர் அவற்றில் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளிடம் கேட்காமல், அவள் குரலைத் திறந்தேன். பிடிகளை இழுத்து அதை நான்காக்கினேன், எட்டாக்கினேன், ஒரு பெருங்கூட்டம் ஓலமிட்டுப் பாடுவதுபோல் ஆக்கினேன். மாலை வெயிலில், வாழைத்தோப்பைப் பார்த்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அசையாமல் கேட்டார்கள். முடிந்ததும் எழுந்து நின்று தட்டினார்கள். "யாருங்க இந்தக் குரல்?" என்று ஒருவர் கேட்டார். "நானே செஞ்சது" என்றேன்.

நானே செய்தது! அந்த வாக்கியம் என் வாயிலிருந்து எத்தனை எளிதாக வந்தது...

அந்த ஓலத்தை இழக்க மனமில்லை. இதை அடுத்த காலிக் கட்டத்தில் பதிப்போம் என்று ஷிஃப்ட்டை அழுத்தினேன். சாய்ந்த வெயில் திரையில் அடித்தது. கட்டங்கள் சரியாகத் தெரியவில்லை. யாரோ தோளைத் தொட்டுப் பாராட்டினார்கள். திரும்பிச் சிரித்துக்கொண்டே தொட்டேன்.

அப்போதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. கோப்பில் பழையது இருந்தது. மூடும்போது கணினி கேட்டது: மாற்றங்களைச் சேமிக்கவா? வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மதினியின் குரல் பிழைத்திருக்கும். நான் 'சேமி' என்றேன். பெருமையோடு சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து, மதினி வீடு திரும்பும் செய்தி வந்த பிறகு, ஒருமுறை சரிபார்க்கலாம் என்று திறந்தேன். முதல் கட்டத்தைத் தொட்டேன். 'மினிக்குட்டி' என்று தட்டினேன்.

ஓலம் வந்தது.

மறுபடியும் தொட்டேன். ஓலம். மற்றக் கட்டங்கள் அனைத்தும் காலி. பென் டிரைவில் ஒரு பழைய நகல் கிடைத்தது. தொடங்கிய நாளில் எடுத்தது. பெட்டிகள் இருந்தன, கோடுகள் இருந்தன. பிடிகள் எல்லாம் அடியில் கிடந்தன.

அன்றும் மறுநாளும் வேலைக்குப் போகவில்லை. கல்யாண வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். கைப்பேசியில் அவள் அனுப்பிய பழைய குரல் செய்திகளைக் கேட்டேன்: 'வரும்போது கறிவேப்பில வாங்கிட்டு வா', 'பஸ்சு கெடைக்கல, லேட்டா வாரேன்'. என் காதை நம்பி நகர்த்தினேன். ஏதோ ஒன்று வந்தது. கேட்டால் ரெஜினா மதினி என்று சொல்லலாம். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார். ஆனால் சொல்லின் முடிவில் இருக்கும் அந்தச் சிரிப்பு... அது வரவேயில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை!

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உங்களுக்கே தெரிகிறது. அவள் உயிரோடு வருகிறாள், காது நன்றாக இருக்கிறது, நினைவு புதிதாக இருக்கிறது. 'மதினி, தப்பு நடந்துபோச்சு, மறுபடி ஒக்காருவோம்' என்று சொன்னால் போதும். சிரமப்பட்டாவது அவள் தேடிப் பிடித்திருப்பாள். 'எப்பிடிப் போச்சு?' என்று கேட்பாளே? சிறுமலையைச் சொல்ல வேண்டுமே? அந்தக் கைத்தட்டலைச் சொல்ல வேண்டுமே? அதற்கு அஞ்சித்தான் வாயை மூடினேன்.

அவள் வந்தாள். கழுத்தில் துளை, அதன்மேல் வெள்ளைத் துணி. அண்ணன் கைத்தாங்கலாக நாற்காலியில் உட்கார வைத்தான். பக்கத்து வீட்டார் எல்லாம் வந்து நின்றார்கள். மினி கதவின் பின்னால் ஒளிந்துகொண்டு தாயின் கழுத்தையே பார்த்தாள்.

நான் மேசைமேல் ஒலிபெருக்கியை வைத்தேன். மதினி ஆவலோடு விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். நான் எதிர்பார்த்து நடுங்கிய அதே வார்த்தைகளைத் தட்டினாள்.

'மினிக்குட்டி, இங்க வாடா.'

மினி அசையவில்லை.

மறுபடி கூப்பிட்டது ஒலிபெருக்கி. மினி அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, இது யாரு பேசுறது?"

"அம்மாதாண்டா. போ, போய் அம்மாகிட்ட உக்காரு."

"இது அம்மா இல்ல."

பக்கத்து வீட்டு அக்கா, "புள்ள பயந்திருக்கு, போகப்போகச் சரியாயிரும்" என்றாள். எல்லோரும் தலையசைத்தார்கள். மதினி மட்டும் என்னைப் பார்த்தாள். விசைப்பலகையில் மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். நான் செய்த குரல் என்னையே கேட்டது.

'ஏ ஜான்சி, இது நாம வச்ச கொரல்தானா?'

இப்போது... இப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? என் நாக்கு என்ன சொன்னது தெரியுமா?

"அதேதான் மதினி. உங்களுக்கு அம்புட்டு மருந்து ஏத்தியிருக்காங்கல்ல, காது கொஞ்ச நாளைக்கு வேற மாதிரிதான் கேக்கும்."

ஆம், அப்படித்தான் சொன்னேன். குரல் போன ஒருத்தியிடம், உன் காதும் பழுதாகிவிட்டது என்று சொன்னேன்! அண்ணன் உடனே, "டாக்டரும் ஏதோ அப்பிடித்தான் சொன்னாரு" என்றான். மருத்துவர் அப்படி எதுவும் சொல்லியிருக்க மாட்டார். பாவம், அவளைத் தேற்றுவதற்காக அவனும் ஒன்றைச் சொன்னான். அவன் சொன்னது அன்பினால். நான் சொன்னது?

மதினி காதை விரலால் தேய்த்துக்கொண்டாள். அந்தக் காட்சியை நான் எப்படி மறப்பேன்? தன் காதையே சந்தேகித்து, மெல்லத் தேய்த்து, தலையைச் சாய்த்து மறுபடி கேட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

சில வாரங்களுக்கு மினி அந்தக் குரலுக்குப் பதில் சொல்லவில்லை. மதினி கைதட்டிக் கூப்பிடுவாள். குழந்தை வரும், மடியில் உட்காரும். ஒலிபெருக்கி பேசத் தொடங்கியதும் இறங்கிப் போய்விடும். மதினியின் முகம் அப்போது எப்படியிருக்கும் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஒருநாள் அவளே வந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் பேசுவதற்கென்று நான் அந்தக் குரலை ஏற்றிக் கொடுத்திருந்த சிறு கணினியைக் கட்டில்மேல் வைத்துத் தட்டினாள்.

'இன்னொருக்கா ஒக்காந்து கொஞ்சம் சரி பண்ணிப் பாப்போமா? கடைசியில ஒரு சிரிப்பு வரும்ல, அது கேக்கவே மாட்டேங்குது.'

இறைவன் தன் கையாலேயே திறந்துவிட்ட கதவு அது. உட்கார்ந்திருந்தால் அவள் பிடித்திருப்பாள், நிச்சயம் பிடித்திருப்பாள்! ஆனால் பிடிகள் வேறிடத்தில் நிற்பதைப் பார்த்தால் கண்டுகொள்வாளே என்று பயந்தேன். பல நாள் தன் கையால் நகர்த்தியவை அல்லவா?

"வேணாம் மதினி. அதத் தொட்டா, இப்ப இருக்கதும் போயிரும். அப்பறம் ஒண்ணுமே மிஞ்சாது" என்றேன்.

அவள் முகம் வெளிறியது. கணினியை இரண்டு கைகளாலும் மூடி, எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு கேட்கவே இல்லை. அவளை நான் பயமுறுத்திவிட்டேன். என் குற்றத்தையே எடுத்து, அவளுக்கு எச்சரிக்கையாகச் சொன்னேன்!

அவள் போனதும் துணியைக் கீழே போட்டுவிட்டு, என் மடிக்கணினியில் சேமிப்புக் கட்டங்களைத் திறந்து பார்த்தேன். முதல் கட்டத்தில் நான் காதால் கணித்துச் செய்த குரல் இருந்தது. அந்த ஓலத்தை, வீட்டில் அதைக் கேட்ட அன்றே அழித்துவிட்டிருந்தேன். அதனால் யாருக்கு என்ன பயன்?

காலம் தன் வேலையைச் செய்தது. மினி பழகிக்கொண்டாள். மதினி பள்ளிக்குத் திரும்பினாள். கழுத்தில் ஒரு சிறு ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு அ, ஆ சொல்லிக் கொடுக்கிறாள். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அதுதான் டீச்சர் குரல். அவள் கண்டிக்கும்போது பிள்ளைகள் இப்போது கொஞ்சம் பயப்படுகிறார்களாம். அண்ணன் பெருமையாகச் சொல்கிறான், "இப்பத்தான்டி அவ வாத்தியாரம்மா மாதிரி இருக்கா" என்று. நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் பாராட்டுகிறார்கள். அண்ணன் மனைவிக்குக் குரல் கொடுத்தவள்! பங்குச் சாமியார் ஒருமுறை பூசையில் என்னைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைகுனிந்தேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சிறுமலைக்குப் பிறகு நான் எங்கும் வாசிக்கவில்லை. அதைத் தண்டனை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். தண்டனை என்றால் யாராவது விதிக்க வேண்டும்.

சென்ற மாதம், ஒன்பது வயதில், மினி முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைத் திருவிழா. பூசை முடிந்து, விருந்து முடிந்து, வீட்டில் எல்லோரும் களைத்துச் சாய்ந்திருந்தார்கள். மினி வெள்ளை உடையைக் கழற்ற மனமில்லாமல் அப்படியே தூங்கிப்போயிருந்தாள். நானும் மதினியும் பாத்திரங்களை ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தோம். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு விசைகளைத் தட்டினாள். ஒலியைக் குறைத்து வைத்தாள், குழந்தை விழித்துவிடக் கூடாது என்று.

'ஒண்ணு சொல்லவா ஜான்சி? எனக்கே என் பழைய கொரல் எப்பிடி இருந்துச்சுன்னு மறந்துபோச்சு. நெனச்சுப் பாக்குறேன், இதுதான் வருது. நல்லவேள, நீ எடுத்து வச்ச.'

சொல்லிவிட்டு என் கன்னத்தைத் தொட்டாள். விரலில் சோப்பு மணம்.

அவள் நினைவிலும் இப்போது அது இல்லை. அங்கேயும் என்னுடையதுதான் பதிந்திருக்கிறது... இனி நான் உண்மையைச் சொன்னாலும் அவள் எதைத் தேடிப் பிடிப்பாள்? சொல்வதால் அவளுக்கு என்ன கிடைக்கும், இல்லாத ஒன்றை இழந்த துக்கத்தைத் தவிர? இந்தக் கேள்வியும் கோழையின் கேள்விதானோ? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தாலும் என்னிடம் சொல்லாதீர்கள்.

"ஆமா மதினி" என்றேன்.

பிறகு இருவரும் சேர்ந்து பெரிய அண்டாவைத் தூக்கிக் கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைத்தோம்.